அகளியில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு



தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு மார்கழி பிறந்ததும் ஊர் நினைவு எழுதல் இயல்பு. வாசலில் இட்ட கோலமும், அதன் நடுவே பூத்திருக்கும் பூசணிப் பூவும், விடியற்காலைப் பனியும் நம் மனத்தை விட்டு அகலா. இன்று நாம் சொல்ல எடுத்துக்கொண்டதும் ஒரு மார்கழி இரவைப் பற்றிய செய்திதான். ஆனால் அது தமிழ்நாட்டில் நிகழ்ந்ததன்று. எல்லைக்கு அப்பால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து மலைகளுக்கு நடுவே உள்ள அகளி என்னும் சிற்றூரில், கிறிஸ்துமஸ் பாடகர்கள் வீடுவீடாகச் சென்ற ஓர் இரவில் நிகழ்ந்தது.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தையும் பொழுதையும் வகுத்தனர் என்பதை நாம் அறிவோம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம் எனப்படும் நள்ளிரவு. அந்நிலத்துக்குரிய ஒழுக்கமோ காதலர் முதன்முதற் கண்டு உள்ளம் கலத்தல். முன்பனி என்பது மார்கழியும் தையும். கிறிஸ்து பிறப்பு விழா மார்கழி மாதத்தின் முதற் பாதியில் வருகிறது; அதன் தலையாய வழிபாடு நள்ளிரவில் நடைபெறுகிறது. ஆகவே மலையூர் ஒன்றில் கிறிஸ்துமஸ் இரவில் புதிய அன்பு மலர்ந்தது என்றால், தொல்காப்பியர் வகுத்த இடமும் காலமும் பொழுதும் அங்கே ஒருசேர அமைந்துவிட்டன என்றே சொல்லலாம்.

முதலில் அகளி எங்கே உள்ளது என்று பார்ப்போம். கோயம்புத்தூரிலிருந்து மேற்கே சென்று, ஆனைக்கட்டியில் மாநில எல்லையைக் கடந்து, மேலும் சற்றுத் தொலைவு சென்றால் அகளியை அடையலாம். கேரளத்தின் பக்கமிருந்து வருவோர் மண்ணார்க்காட்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை வழியே, முக்காலியைத் தாண்டி வருவர். முக்காலியிலிருந்துதான் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் புகழ்பெற்ற காட்டுக்கு வழி பிரிகிறது. அகளி, புதூர், சோளையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளும் சேர்ந்த நிலப்பகுதிக்கு அட்டப்பாடி என்று பெயர். பரப்பு சுமார் 745 சதுர கிலோமீட்டர். கேரளத்தில் ஓடும் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கிச் செல்வன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கி வருவன. அம்மூன்றில் ஒன்றான பவானி அட்டப்பாடி வழியாகவே தமிழகத்துக்குள் இறங்குகிறது. கோவை மக்கள் பெருமையோடு பேசும் சிறுவாணித் தண்ணீரும் இம்மலைகளின் கொடையே.

இன்னொரு செய்தியும் நினைவில் வைக்கத் தக்கது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை இப்பகுதி சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, அங்கே குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வேற்று மாநிலத்தவராயின. உங்களில் பலர் இரயிலேறி அயல் மாநிலம் சென்றீர்கள்; அவர்களிடமோ அயல் மாநிலமே வந்து சேர்ந்தது.

அகளியில் மூவகை மக்கள் வாழ்கின்றனர். மண்ணின் மக்களாகிய இருளர், முதுகர், குறும்பர் ஒரு வகை. இருளர் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடையது. அவர்களுள் ஒருவரான நஞ்சியம்மா என்னும் மூதாட்டி, ‘அய்யப்பனும் கோசியும்’ என்ற மலையாளத் திரைப்படத்தில் தம் மக்களின் பாடலைப் பாடி, 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். அதன் பிறகே நாட்டில் பலர் அட்டப்பாடியின் பெயரைக் கேள்வியுற்றனர். கோவைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து உழவும் வாணிகமும் செய்யும் தமிழர் இரண்டாம் வகை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுத் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து நிலம் தேடி வந்த மலையாளிகள் மூன்றாம் வகை; அவர்களில் பலர் சிரியன் கிறித்தவர். 1951ஆம் ஆண்டுக் கணக்குப்படி அட்டப்பாடியில் பழங்குடியினர் நூற்றுக்கு 90 பேர். 2001இல் அவர்கள் நூற்றுக்கு 41 பேரே. ஐம்பதாண்டுக் காலத்துக்குள் சொந்த மண்ணில் சிறுபான்மையராகிவிட்ட மக்கள் அவர்கள். இவ்வெண்களை நாம் காரணத்தோடுதான் சொல்கிறோம். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் நாம் அகளியில் சில நாள் தங்க நேர்ந்தது. தமிழ் மளிகைக்கடைக்காரர் ஒருவர் நமக்கு இடம் கொடுத்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர். அவருடைய ஒரே மகன் நான்கு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். மருமகளும் ஐந்து வயதுப் பேரனும் அவரோடுதான் இருந்தார்கள். மருமகள் செவிலியாகப் பணி புரிபவர். நோயாளிகளை இரவு நேரத்தில் மலையடிவாரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டி வந்தால் ஜீப்பில் உடன் செல்வதும் அவருடைய வேலை. அந்த ஜீப்பை ஓட்டியவர் கோட்டயத்துப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய ஒரு குடும்பத்து இளைஞர். மேடு பள்ளம் நிறைந்த பாதையில், பின்னிருக்கையில் முனகும் நோயாளியோடு, எத்தனையோ இரவுகள் இருவரும் சேர்ந்து பயணம் செய்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறிய அது போதாதா? ஆனால் இருவரும் வாய் திறந்து ஒருவரிடமும் சொன்னதில்லை.

சிற்றூரில் இத்தகைய அன்பு படும் பாட்டை நகரவாசிகள் எளிதில் உணர மாட்டார்கள். அங்கே கடைத்தெரு ஒன்று. பேருந்து நிறுத்தம் ஒன்று. யார் யாரோடு பேசினார் என்பது மாலைக்குள் ஊர் முழுதும் பரவிவிடும். அலர் என்று அகப்பொருள் நூல்கள் குறிப்பது இதைத்தான். அதிலும் அவர் கணவனை இழந்தவர். தமிழ் இந்துக் குடும்பத்தவர். அந்த இளைஞரோ மலையாளி; கிறித்தவர். தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன.

அகளியில் கிறிஸ்துமஸ் வரும் முறையையும் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் நாளிலிருந்தே சிரியன் கத்தோலிக்கர் இருபத்தைந்து நோன்பு தொடங்கிவிடுகிறார்கள். நோன்பு காப்போர் இறைச்சியும் மீனும் உண்பதில்லை. அந்நாட்களில் திருமணம் நடத்துவதும் வழக்கமில்லை. தமிழர் வீடுகளிலோ மார்கழி திருமணத்துக்கு ஆகாத மாதம். இப்படி இரு சாராரும் திருமணப் பேச்சை ஒதுக்கி வைத்திருக்கும் காலத்தில்தான், வெளியூர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்புகிறார்கள். ஆண்டு முழுவதும் ஆளரவமற்றுக் கிடந்த திண்ணைகள் நிரம்புகின்றன. கண்கள் சந்திக்கின்றன, பேச்சு தொடங்குகிறது, முடிவு மட்டும் காத்திருக்கிறது. உள்ளத்தில் மலர்ந்ததை உடனே ஊரறியச் செய்ய முடியாமல் காத்திருக்க வைப்பது இம்மாதத்தின் இயல்பு போலும்.

மூங்கிற் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கிட்ட நட்சத்திரங்கள் வாசல்தோறும் தொங்குகின்றன. முற்றத்தில் வைக்கோலும் புல்லும் கொண்டு புல்கூடு அமைத்து, அதனுள் குழந்தை இயேசுவின் உருவத்தைக் கிடத்துகிறார்கள். சிரியன் கிறித்தவ மரபின் சில கோயில்களில் நள்ளிரவு வழிபாட்டின்போது முற்றத்தில் தீ வளர்த்து, மக்கள் அதில் குந்திரிக்கம் இடும் வழக்கமும் உண்டு. விழாவுக்கு முந்தைய இரவுகளில் கரோல் குழுவினர் புறப்படுகிறார்கள். முன்னே ஒருவர் விளக்கு ஏந்திச் செல்வார், பின்னே மேளம், நடுவே செவ்வுடையும் வெண்தாடியும் முகமூடியும் அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா. அவர்கள் மதம் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை. தமிழர் வீட்டு வாசலிலும் நின்று பாடுவார்கள். இருளர் ஊர்களுக்கும் செல்வார்கள்.

நாம் தங்கியிருந்த வீட்டுக்கும் அன்றிரவு ஒன்பது மணியளவில் அவர்கள் வந்தார்கள். பனி புகைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் திண்ணையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தார். மருமகள் கதவருகே நின்றார். தாத்தா வேடமிட்டவர் மேளத்துக்கு ஏற்ப ஆடிவிட்டு, பையிலிருந்து மிட்டாய் எடுத்துச் சிறுவனிடம் நீட்டினார். சிறுவன் மிட்டாயை வாங்கவில்லை. குனிந்து அவருடைய கால்களையே உற்றுப் பார்த்தான். இடக்கால் செருப்பின் வார் அறுந்து, செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

“ஜீப் மாமா!” என்று கூவினான் சிறுவன். “அம்மா, ஜீப் மாமா வந்திருக்காரு! நேத்து மாதிரி என்னைத் தூக்கச் சொல்லும்மா!”

மேளம் நின்றது. பாட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் முழுவதும் அரைகுறையாகப் பேசிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு குழந்தை உரத்த குரலில் சொல்லிவிட்டது. மருமகளின் முகம் வெளிறியதை நாம் கண்டோம். முகமூடிக்குள் இருந்தவர் அசையாமல் நின்றார். ஓடிப்போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆயினும் அவர் ஓடவில்லை.

பெரியவர் கம்பளியை விலக்கி மெல்ல எழுந்தார். அவர் என்ன சொல்வாரோ என்று நாமும் அஞ்சினோம். அவர் கொங்குத் தமிழில் சொன்னது இது:

“பனியில நிக்காதீங்க தம்பி. மொகமூடியக் கழட்டி வெச்சுட்டு உள்ள வாங்க.”

அந்த இளைஞர் முகமூடியைக் கழற்றினார். குளிரிலும் அவர் முகம் வியர்த்திருந்தது. பெரியவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். “ஏங் கண்ணு, உனக்குச் சம்மதந்தானா? மறைக்காமச் சொல்லு” என்றார். அவர் தலை குனிந்தவாறே, “உங்க சொல்லுக்குத்தானுங்க மாமா காத்துட்டிருந்தேன். நீங்க வேண்டாம்னா எனக்கும் வேண்டாமுங்க” என்றார். அதன் பிறகு உள்ளே சென்று எல்லாருக்கும் கட்டன் காப்பி கொண்டுவந்தார். பாட வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து மீண்டும் பாடத் தொடங்கினார்கள்.

கூட்டம் கலைந்த பின் நாம் பெரியவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மகனை மறந்துவிட்டாரோ என்று நினைக்க வேண்டா. அன்று அவர் கண்கள் பலமுறை கலங்கின. “எம் பையன் போயிட்டான். இந்தப் புள்ளையும் அவனோடயே போயிரோணும்னு நான் நெனைக்கலாமுங்களா?” என்று கேட்டார். கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் ஏற்றுக்கொண்டது. நம் திண்ணைகளும் நடுவீடுகளும் அதை ஏற்க இன்னும் தயங்கிக்கொண்டிருக்க, படிப்பறிவு மிகுதியாக இல்லாத அந்த முதியவர் ஒரு கேள்வியால் அத்தயக்கத்தைத் தீர்த்துவிட்டார்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனையும் விதித்தார். “கோயில்ல நடக்கட்டும், வீட்ல நடக்கட்டும், அது அவங்க பாடு. ஆனா மொதல்ல சர்க்கார் பலகையில ரெண்டு பேரு பேரும் ஒட்டோணும். ஊரே படிக்கோணும். இந்த மலையில பலகையில ஏறாத பேரு நெறைய இருக்குதுங்க” என்றார்.

நேயர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் கசப்பானது. முன்னே சொன்ன எண்களுக்கு இங்கேதான் திரும்பி வருகிறோம். வெளியிலிருந்து மக்கள் பெருகப் பெருக, நிலம் மட்டும் கைமாறவில்லை. வேலைக்கும் வாணிகத்துக்கும் வந்த ஆடவர் சிலர், பழங்குடிப் பெண்களிடம் அன்பு காட்டிக் கூடி வாழ்ந்து, குழந்தை பிறந்த பின் மலையிறங்கிப் போய்விட்டார்கள். அவ்வாறு கைவிடப்பட்டோரை மணமாகாத தாய்மார் என்று தனிப்பிரிவாகக் கொண்டு, கேரள அரசு ‘ஸ்நேகஸ்பர்சம்’ என்னும் பெயரில் உதவித்தொகை வழங்கும் திட்டமே வகுக்க நேர்ந்தது. வந்து குடியேறியவர் யாவரும் அத்தகையர் என்று சொல்வது பெரும்பிழையாகும். எனினும் ஒரு பெண்ணின் அன்பை ஏற்றவன் தன் பெயரை ஊரார் முன் வைக்க மறுத்தால், நாளை அவள் எந்த வாசலில் போய் நியாயம் கேட்பாள்? இந்தக் கேள்வியை அட்டப்பாடியின் பல குடிசைகளில் இன்றும் கேட்கலாம்.

தொல்காப்பியம் இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. காதலர் தாமே கூடும் களவொழுக்கத்தை அந்நூல் இழிவாகக் கருதவில்லை. ஆயினும் உலகில் பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னர்ப் பெரியோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினர் என்று அது தெளிவாகச் சொல்கிறது. கண்டதில்லை என்று ஒருவன் பொய் சொல்லாதிருக்கவும், கைவிட்டுத் தவறாதிருக்கவும் சாட்சி வேண்டியிருந்தது. சடங்கின் வேர் இதுவே. பெரியவர் அந்நூற்பாவைப் படித்தவரல்லர். அந்நூற்பாவுக்குக் காரணமான துன்பத்தைத் தம் கடை வாசலிலேயே கண்டவர்.

அன்பை ஊரறியச் செய்யும் முறை மூவகை மக்களிடமும் உண்டு என்பதை ஆராய்ந்தால் வியப்பாக இருக்கிறது. இருளர் ஊர்களில் மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று ஊர்ப் பொறுப்பாளர்கள் உளர். ஒரே குலத்துக்குள் மணம் கூடாது என்பது நெறி. பெண் வீட்டாருக்கு ஆண் வீட்டார் பரிசம் தருவது மரபு. பெண்ணைப் பெற்றவர் பொருள் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்னும் நம் சமவெளி வழக்கத்துக்கு அது நேர்மாறு. கத்தோலிக்கர் கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிகழவிருக்கிறது, தடை அறிந்தோர் தெரிவிக்கலாம் என்று வழிபாட்டின்போது சபையார் முன் அறிவிக்கிறார்கள். தமிழர் வீட்டில் பெரியோர் கூடி வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் செய்கிறார்கள். மூன்றுக்கும் உட்கருத்து ஒன்றே.

மதம் வேறுபட்டோர்க்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் வழி செய்கிறது. மணம் புரிய விரும்புவோர், இருவரில் ஒருவரேனும் முப்பது நாளாவது குடியிருந்த மாவட்டத்துத் திருமண அதிகாரியிடம் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். அவ்வறிவிப்பு எல்லார் கண்ணிலும் படும்படி அலுவலகத்தில் ஒட்டப்படும். முப்பது நாள் கழிந்த பின், மூன்று சாட்சிகளின் முன்னிலையில் இருவரும் உறுதிகூறிக் கையொப்பமிடுவர். இம்முப்பது நாள் சில இடங்களில் காதலர்க்கு இன்னலாகவும் முடிகிறது. அறிவிப்பைக் கண்டு உறவினர் வந்து அச்சுறுத்தும் கொடுமையும் நாட்டில் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுப் பெரியவரே முன்னின்று கைப்பிடித்து அழைத்துச் செல்லும்போது, அதே பலகை பெண்ணுக்குக் காவலாகிவிடுகிறது.

கிறிஸ்துமஸுக்குப் பின் அலுவலகம் திறந்த நாளிலேயே அறிவிப்புக் கொடுக்கப்பட்டது. இளைஞரின் தாயார் முதலில் வருந்தினார் என்று கேள்விப்பட்டோம். ஒருநாள் அவரே கடைக்கு வந்து, சிறுவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, மருமகளாக வரவிருப்பவரை “மோளே” என்று அழைத்தாராம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. முப்பது நாள் நிறைவெய்தியபோது மார்கழி கழிந்து தை பிறந்திருந்தது. இரு தரப்பாரும் மணவினைக்கு உகந்தது எனக் கொள்ளும் காலம் வந்துவிட்டது.

நமக்கு அழைப்பு வந்தது. பதிவு அலுவலகத்தில் முதற்சாட்சியாகக் கையொப்பமிட்டவர் இறந்த கணவனின் தந்தையாகிய அப்பெரியவரே. பின்னர் வீட்டில் எளிய விருந்து. அட்டப்பாடிக்கே உரிய ஆட்டுக்கொம்பு அவரையும் துவரையும் அன்று இலையில் இருந்தன. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற பயிர்கள் அவை. அண்டை ஊரிலிருந்து வந்த இருளர், கொகல் என்னும் குழலையும் தவிலையும் முழக்கி ஆடினார்கள். மணமகன் புதுச்செருப்பு அணிந்திருந்தார். சிறுவனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கம்பி கட்டிய பழைய செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அயல் மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களே! நீங்களும் பெருநகரின் நடுவே ஒரு சிற்றூரில் வாழ்பவர்கள்தாம். நாலைந்து தெருக்களில் நம்மவர், சுற்றிலும் பிறமொழியாளர். அங்கேயும் அலர் விரைவாகப் பரவும். உங்கள் மகனோ மகளோ, தம்பியோ தங்கையோ, ஏன், துணையை இழந்து தனித்து வாழும் உங்கள் உறவினர் ஒருவரோ, வேற்று மொழியாரிடமோ வேற்று மதத்தாரிடமோ அன்பு கொள்ளுதல் கூடும். அச்செய்தி எட்டியதும் கதவை அடைத்தால், அன்பு அழிந்துபோவதில்லை. முகமூடி அணிந்துகொண்டு இருட்டில் நடமாடத் தொடங்குகிறது. ஏமாற்றுவோனும் நேர்மையானவனும் இருட்டில் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். முகமூடியைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னால்தான், வந்து நிற்பவர் யாரென்று தெரியும். உண்மையற்றவன் உள்ளே வர மாட்டான், வாசலிலிருந்தே திரும்பிவிடுவான். உண்மையுள்ளவர்க்கு நாம் காப்பி கொடுப்போம். மற்றவற்றைப் பெயர் எழுதிய பலகை பார்த்துக்கொள்ளும்.

அகளியில் இவ்வாண்டும் மார்கழி வரும். வாசல்தோறும் நட்சத்திரங்கள் தொங்கும். கரோல் குழுவினர் மளிகைக்கடை வாசலிலும் நின்று பாடுவார்கள். அப்போது திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர், முகமூடிக்குள் இருப்பவர் யாரென்று குனிந்து செருப்பைப் பார்ப்பார் என்றே எண்ணுகிறோம்.